மூத்த கலைஞரிடம் ப்ளூஸ் கிட்டார் கற்பது: போகும் முன்பும் போன பின்பும்

அமெரிக்காவின் மிசிசிப்பியில், கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸில் மூத்த ஒரு கலைஞரின் எதிரே கிட்டாரோடு போய் உட்காரும் இளைஞர்களில் பலருக்கு முதல் ஒரு மணி நேரம் வீணாகத்தான் போகிறது. இடது கை தயாராக இருக்கும், வலது கை இருக்காது. ஸ்கேல், சோலோ எல்லாம் தெரியும். கட்டைவிரலை நான்கு நிமிடம் தடுமாறாமல் ஓட்டத் தெரியாது. பெரியவர் வாசித்துக்கொண்டே போவார், இவர் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பார்.

எனவே இந்த வழிகாட்டியின் முதல் பாதி கிளம்புவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியதைப் பற்றியது. இ, ஏ, டி, சி, ஜி, பி7 கார்ட்களை நிற்காமல் மாற்றத் தெரிந்தவருக்காக எழுதியது. அது இன்னும் வரவில்லை என்றால் இரண்டு மாதம் அதைப் பழகிவிட்டு வாருங்கள். எலெக்ட்ரிக் பாண்ட் ப்ளூஸ் வேறு உலகம். இங்கே பேசுவது ஒற்றை ஆள், ஒற்றை கிட்டார், ஒற்றைக் குரல் என்ற பழைய கிராமத்துப் பாணியை.

1. ஒரு ஊரின் பாணியைத் தேர்ந்தெடுங்கள்

'ப்ளூஸ் கற்க வேண்டும்' என்று போனால் எதுவும் ஒட்டாது. பாணிக்குப் பாணி வலது கை மாறுகிறது, ட்யூனிங் மாறுகிறது. ஒன்றைப் பிடித்துக்கொண்டு குறைந்தது ஓராண்டு அதிலேயே இருங்கள்.

பீட்மான்ட் பாணி வர்ஜீனியா, கரோலினா பக்கத்தைச் சேர்ந்தது. கட்டைவிரல் இரண்டு கம்பிகளுக்கிடையே மாறி மாறிப் போகும், மற்ற விரல்கள் மேலே மெட்டை வாசிக்கும். மிசிசிப்பி ஜான் ஹர்ட் ஊரால் மிசிசிப்பிக்காரர் என்றாலும் அவருடைய கையும் இதற்கு நெருக்கமானதுதான். தொடங்குபவருக்கு இதுதான் நல்ல வாசல்.

டெக்சாஸ் பாணியில், மான்ஸ் லிப்ஸ்கம்ப், லைட்னின் ஹாப்கின்ஸ் வழியில், கட்டைவிரல் ஒரே கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டும். கேட்கச் சுலபம், நடுக்கமில்லாமல் வாசிப்பது கடினம்.

வடக்கு மிசிசிப்பியின் ஹில் கன்ட்ரி பாணி ஃப்ரெட் மெக்டவல், ஜூனியர் கிம்ப்ரோ, ஆர்.எல். பர்ன்சைடு ஆகியோர் வழி வந்தது. பல பாடல்களில் கார்ட் மாற்றமே இருக்காது. ஒரு சிறு சொற்றொடர் சுழன்றுகொண்டே இருக்கும்.

பென்டோனியா பாணி மிசிசிப்பியின் ஒரே ஒரு சிற்றூரின் சொத்து. ஹென்றி ஸ்டக்கி, ஸ்கிப் ஜேம்ஸ், ஜாக் ஓவன்ஸ், இப்போது ஜிம்மி 'டக்' ஹோம்ஸ் என்று கைமாறி வந்தது. மைனர் ட்யூனிங், இருண்ட ஒலி. முதல் பாணியாக இதை எடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ட்யூனிங்கே பாதி வேலையைச் செய்துவிடுவதால் கை வளராமல் நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. எலிசபெத் காட்டனின் காணொளியைப் பார்த்து வலது கை பழகாதீர்கள். அவர் இடதுகைக்காரர். வலதுகைக்காரருக்காகக் கம்பி கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்து, விரலால் பாஸும் (தடித்த கம்பிகளின் தாழ்ந்த ஒலி) கட்டைவிரலால் மெட்டும் வாசித்தவர். அவருடைய மெட்டைக் கேளுங்கள். கையைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

2. கைவசம் இருக்க வேண்டியவை

ஸ்டீல் கம்பி போட்ட அக்கூஸ்டிக் கிட்டார். நைலான் கம்பியில் இந்த இசையின் கடிப்பு வராது. கம்பி 12–53 கனம். ஸ்லைடு (விரலில் மாட்டிக் கம்பிமேல் நகர்த்தும் கண்ணாடிக் குழாய்) வாசிப்பதாக இருந்தால் 13–56, கம்பி ஃப்ரெட்டிலிருந்து சற்று உயரமாகவும் இருக்கட்டும். தாழ்வாக இருந்தால் ஸ்லைடு ஃப்ரெட்டில் இடித்துச் சத்தம் போடும்.

இவற்றோடு கிட்டார் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் ஒரு கேப்போ, கட்டைவிரலில் மாட்டும் இரண்டு தம்ப் பிக் (ஒன்று கட்டாயம் தொலையும்), சுண்டுவிரலில் இறுக்கமில்லாமல் நிற்கும் ஒரு ஸ்லைடு, மாற்றுக் கம்பி மூன்று செட். ட்யூனிங்கை அடிக்கடி ஏற்றி இறக்குவதால் முதல் கம்பியும் மூன்றாவது கம்பியும்தான் அதிகம் அறும். அவற்றைத் தனியாகவும் வாங்கி வைக்கலாம்.

விலை உயர்ந்த கிட்டார் வேண்டாம். மிசிசிப்பி கோடையின் ஈரத்திலும் காரின் வெக்கையிலும் நல்ல மரம் வீங்கிப் பிளக்கும். தவிர, பெரியவர் உங்கள் கிட்டாரை வாங்கி வாசித்துக் காட்டுவார். கீறல் விழுந்துவிடுமோ என்று உங்கள் முகம் மாறினால் அதை அவர் கவனிப்பார்.

3. கட்டைவிரல்

இதுதான் முழு வேலை. மற்றதெல்லாம் இதன் மேல் ஏறி உட்காருவது. செட்ரிக் பர்ன்சைடு தாத்தா ஆர்.எல். பர்ன்சைடின் பாண்டில் பதின்ம வயதிலேயே டிரம்ஸ் வாசிக்க உட்கார்ந்தவர். கிட்டாரில் பேர் வாங்கியது பிற்பாடு. தாளம் உடம்பில் ஏறிய பிறகு மெட்டு ஏறும் என்பதுதான் அங்கே இயல்பான வரிசை.

முதல் படி: இ கார்டைப் பிடியுங்கள். கட்டைவிரலால் மட்டும் 6ஆம் கம்பி, 4ஆம் கம்பி, 6, 4. மெட்ரோனோம் 60. ஐந்து நிமிடம் நிறுத்தாமல். அலுப்பாகத்தான் இருக்கும்.

அதே நேரத்தில் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து ஓரத்தைப் பிரிட்ஜின் மேல், கம்பி சேடில் என்ற சிறு எலும்புத் துண்டைத் தொடும் இடத்தில், லேசாகப் படுக்க வையுங்கள். பாஸ் கம்பி நீண்டு ஒலிக்காமல் 'டும்' என்று நின்றுவிட வேண்டும். கை அரை அங்குலம் முன்னே போனால் ஒலி செத்துவிடும். பின்னே போனால் அடங்காது. இந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் பிடிக்கலாம். கிளாசிக்கல் கிட்டார் பழகியவர்கள் மணிக்கட்டை வளைத்துத் தூக்கியே வைத்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்தப் படி அதிகம் கசக்கும்.

அடுத்து ஏ கார்டுக்கு 5, 4, 5, 4. பி7க்கும் அதே 5, 4. மூன்றுக்கும் இடையே மாறும்போது கட்டைவிரல் ஒரு நொடிகூடத் தயங்கக் கூடாது. இடது கை தாமதித்தால் தாமதிக்கட்டும். தவறான கம்பியைத் தட்டினாலும் சரியான நேரத்தில் தட்டுங்கள். தவறான சுரத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நின்றுபோன பாஸை எல்லாரும் கவனிப்பார்கள்.

இரண்டாம் படி, பேச்சுச் சோதனை. கட்டைவிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று சத்தமாக யாரிடமாவது சொல்லுங்கள். பேச்சின் அழுத்தத்துக்கு ஏற்பக் கட்டைவிரல் ஆடினால் இன்னும் தயாராகவில்லை. இந்தச் சோதனையில் தேறாமல் மூன்றாம் படிக்குப் போகாதீர்கள். பாடும்போது இதே சிக்கல் பத்து மடங்காகத் திரும்ப வரும்.

மூன்றாம் படி, விரலைச் சேர்ப்பது. முதலில் கட்டைவிரலோடு ஒரே நேரத்தில்: ஒவ்வொரு பாரின் (நான்கு பீட், அதாவது நான்கு தாளத் தட்டு, சேர்ந்தது ஒரு பார்) முதல் பீட்டிலும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளுவதுபோல, பாஸோடு முதல் கம்பி. இது நிலைத்த பிறகுதான் பீட்டுக்கு நடுவே விழும் சுரங்கள். வரிசையை மாற்றினால், நடுவில் விழும் விரல் கட்டைவிரலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். புதியவர்களின் வாசிப்பு நொண்டுவது பெரும்பாலும் இங்கேதான்.

நொண்டினால் வேகத்தை 45க்கு இறக்கி, ஒரு பாருக்கு ஒரே ஒரு விரல் சுரம் என்று வையுங்கள். இரண்டு நிமிடம் தவறில்லாமல் போனால் 4 புள்ளி ஏற்றுங்கள். 90க்கு வந்ததும் மெட்ரோனோமை அதன் பாதிக்கு, 45க்கு, இறக்கி அதன் 'டிக்'கை 2ஆம், 4ஆம் பீட்டாக நினைத்து வாசியுங்கள். முதல் நாள் தலை சுற்றும். ஆனால் அந்த மக்கள் கைதட்டுவது 2லும் 4லும்தான். 1லும் 3லும் தட்டும் ஆளை அங்கே தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எத்தனை விரல்? ரெவரெண்ட் கேரி டேவிஸ் கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே வைத்துக்கொண்டு வாசித்தவர். எனவே இரண்டு போதவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. நடுவிரலையும் சேர்த்தால் வசதி, அவ்வளவுதான்.

கால்: வலது பாதத்தைத் தரையில் தட்டுங்கள், கேட்கும்படி. மூத்தவர்கள் பலர் உங்கள் கையைப் பார்க்கும் முன் காலைத்தான் கேட்பார்கள். கட்டைவிரலும் காலும் வேறு வேறு நேரத்தில் விழுந்தால் காலை நம்பி, கட்டைவிரலைத் திருத்துங்கள்.

4. ட்யூனரை மூடிவைத்து ட்யூன் செய்தல்

மனப்பாடமாக இருக்க வேண்டியவை மூன்று. எல்லாமே தடித்த கம்பியிலிருந்து மெல்லியதற்கு.

ஓப்பன் ஜி, பழையவர்கள் ஸ்பானிஷ் என்பார்கள்: டி–ஜி–டி–ஜி–பி–டி. வழக்கமான ட்யூனிங்கிலிருந்து 6, 5, 1 ஆகிய மூன்று கம்பிகளையும் ஒவ்வொரு முழு சுரம் இறக்குங்கள்.

ஓப்பன் டி, பழையவர்கள் வாயில் வெஸ்டபோல்: டி–ஏ–டி–எஃப் ஷார்ப்–ஏ–டி. 6, 2, 1 முழு சுரம் இறங்கும். 3ஆம் கம்பி அரை சுரம்.

பென்டோனியாவின் இ மைனர்: இ–பி–இ–ஜி–பி–இ. இதில் 5ஆம், 4ஆம் கம்பிகளை முழு சுரம் ஏற்ற வேண்டும். கம்பியும் கழுத்தும் தாங்குமா என்று பயமாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரு சுரம் தாழ்த்தி டி–ஏ–டி–எஃப்–ஏ–டி என்று வைத்துக்கொள்ளலாம், உறவு மாறாது. 3ஆம் கம்பியை முதல் ஃப்ரெட்டில் அழுத்தினால் மைனர் மேஜராகிவிடும். அந்தப் பாணியின் ஒலி இந்த ஒரு விரல் ஏறி இறங்குவதில்தான் இருக்கிறது.

காதால் செய்யப் பழக வேண்டியதற்குக் காரணம் இது: பெரியவரின் கிட்டார் ட்யூனருக்குக் கட்டுப்பட்டதாக இருக்காது. அவர் குரலுக்கு வசதியாக அரை சுரம், சில வேளை ஒன்றரை சுரம்கூடத் தாழ்ந்து இருக்கும். அதை அவர் சரியாகவே வைத்திருக்கிறார். ட்யூனரை எடுத்து நீட்டினால் அவர் காதைத் திருத்த வந்ததாக அர்த்தமாகும். 'ஒவ்வொரு கம்பியாகத் தட்டுங்கள்' என்று கேட்டு, உங்களுடையதை அவருடையதோடு சேருங்கள்.

1920களில் வந்த, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் இசைத்தட்டுகளுக்கும் இதே விதிதான். பதிவான வேகம் ஒன்று, இன்று ஓடும் வேகம் இன்னொன்றாக இருக்கும். இரண்டு சுரங்களுக்கு நடுவே பாட்டு தொங்கினால் உங்கள் கிட்டாரைத்தான் பதிவுக்கு ஏற்ப நகர்த்த வேண்டும்.

5. ஒரே பாட்டு, மூன்று பதிவுகள்

டேப் எனப்படும் எண் குறிப்பை அச்செடுத்துப் பழகிவிட்டுப் போவது பரவலான தவறு. அந்தத் தாளில் இருப்பது ஒரு நாள், ஒரு தடவை அவர் வாசித்தது. மறு நாள் அவரே அப்படி வாசிக்க மாட்டார்.

மாற்று வழி: ஒரே கலைஞர் ஒரே பாட்டை வெவ்வேறு காலத்தில் பதிவு செய்தவற்றில் மூன்று எடுங்கள். ஜான் ஹர்ட் 1928இல் பதிவு செய்தார், பிறகு 1963இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்ட பின்பு பலமுறை வாசித்தார். ஸ்கிப் ஜேம்ஸுக்கு 1931 பதிவுகளும் 1964க்குப் பிந்தியவையும் இருக்கின்றன. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதுங்கள்: மூன்றிலும் மாறாதது, மாறியது.

மாறாதது பாட்டின் எலும்பு. பெரும்பாலும் அது கட்டைவிரலின் போக்கு, வரிக்கு நடுவே வரும் ஒரு பதில் சொற்றொடர், கார்ட் மாறும் இடத்துச் சொல், இவ்வளவுதான். முதலில் அதை மட்டும் பழகுங்கள். மாறியவை அலங்காரம், அதைப் பெரியவர் கையிலிருந்தே பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

வேகத்தைக் குறைக்கும் செயலியில் 75 சதவீதம் வரை போகலாம். 50க்குக் கீழே போனால் ஊஞ்சல் போன்ற அந்த அசைவு காணாமல் போய், நேர்கோட்டில் விழும் சுரங்களாகக் கற்றுக்கொள்வீர்கள்.

6. பாடத்தான் வேண்டும்

பாட மாட்டேன், கிட்டார் மட்டும் என்று போகும் இளைஞரைப் பெரியவர்கள் மரியாதையாக உட்காரவைத்து இரண்டு துணுக்கு காட்டி அனுப்பிவிடுவார்கள். கிட்டார் அங்கே குரலுக்குப் பதில் சொல்லும் கருவி. கேள்வி இல்லாமல் பதிலை மட்டும் எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பொதுவான அமைப்பு: ஒரு வரி, அதே வரி மீண்டும், பிறகு முடிக்கும் வரி. ஒவ்வொரு வரிக்கும் சுமார் இரண்டு பார் குரல், இரண்டு பார் கிட்டார். மொத்தம் 12 பார். இ சுருதியில் நான்கு பார் இ, இரண்டு ஏ, இரண்டு இ, ஒன்று பி7, ஒன்று ஏ, இரண்டு இ. இதைத் தெரிந்துகொள்ளுங்கள், நம்பிவிடாதீர்கள். காரணம் 9ஆம் பகுதியில் வருகிறது.

பழகும் வரிசை: கட்டைவிரல் மேல் வரிகளைப் பேசுங்கள், பிறகு ஒரே சுரத்தில் ஓதுங்கள், பிறகு பாடுங்கள். நேரே பாடப் போனால் கை நின்றுவிடும்.

அமெரிக்கத் தெற்கின் கறுப்பின மக்களின் உச்சரிப்பைப் போலி செய்ய வேண்டாம். கேட்பவருக்கு அது கேலியாகத்தான் படும். உங்கள் ஆங்கிலத்திலேயே, தெளிவாகப் பாடுங்கள்.

கர்நாடக சங்கீதம் படித்த கைக்கும் குரலுக்கும் ஒரு வார்த்தை. மேஜருக்கும் மைனருக்கும் நடுவே நிற்கும் மூன்றாம் சுரம் உங்களுக்கு எளிதில் வசப்படும்: இ சுருதியில் முதல் கம்பி 3ஆம் ஃப்ரெட், ஏயில் இரண்டாம் கம்பி முதல் ஃப்ரெட், இரண்டையும் மிக லேசாகத் தள்ளினால் போதும். ஆனால் அங்கே கமகம் போட்டு ஆட்டாதீர்கள். ஒரு முறை ஏறி, அங்கேயே நின்று, விட்டுவிட வேண்டும்.

7. யாரிடம், எங்கே

நேரடியாகக் கதவைத் தட்டுவதைவிட, ஏற்கெனவே கற்பித்துக்கொண்டிருக்கும் இடங்களிலிருந்து தொடங்குவது நல்லது. அறிமுகம் தானாகக் கிடைக்கும்.

மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் 1979இல் தொடங்கிய டெல்டா ப்ளூஸ் அருங்காட்சியகம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இசை வகுப்பு நடத்துகிறது. கிறிஸ்டோன் 'கிங்ஃபிஷ்' இங்கிரம் அங்கே கற்றவர். அது அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கானது, வெளியூர்க்காரருக்கு இடம் கேட்டு நிற்க வேண்டாம். ஆனால் யார் எங்கே வாசிக்கிறார்கள் என்ற செய்தி அந்த ஊரில்தான் முதலில் தெரியும்.

பென்டோனியாவில் ப்ளூ ஃப்ரன்ட் கஃபே. ஜிம்மி 'டக்' ஹோம்ஸின் பெற்றோர் 1948இல் தொடங்கியது. 1970 முதல் அவர் பொறுப்பில் இருக்கிறது. ஜாக்சன் நகரிலிருந்து 49ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். வாடகைக் கார் இல்லாமல் போய்ச் சேர முடியாது. டெல்டா எனப்படும் வடமேற்கு மிசிசிப்பிச் சமவெளி முழுக்கவும் அதே நிலைதான்.

வாஷிங்டன் டி.சி. பக்கம் இருப்பவர்களுக்கு பீட்மான்ட் பாணிக் கலைஞர் ஆர்ச்சி எட்வர்ட்ஸின் முடிதிருத்தும் கடை வழி வந்த சனிக்கிழமைக் கூடல். அவர் 1998இல் இறந்த பிறகும் அவரிடம் வந்துபோனவர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து அதைத் தொடர்ந்தார்கள். பீட்மான்ட் பாணிக்கு இதைவிடப் பொருத்தமான வட்டம் கிடைப்பது அரிது. வாஷிங்டன் மாநிலத்தின் போர்ட் டவுன்செண்டில் நடக்கும் கோடைகால அக்கூஸ்டிக் ப்ளூஸ் பயிலரங்கு ஒரு வாரத்தில் பல ஆசிரியர்களைப் பார்க்க உதவும்; பாணியை இன்னும் முடிவு செய்யாதவர் அங்கே போகலாம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்கள் கவனிக்க: பட்டத்துக்கான மதிப்பெண் சேராத குறுகிய பொழுதுபோக்குப் பயிற்சிக்குப் பி-2 பார்வையாளர் விசா போதும். அதே விசாவில் காசு வாங்கிக்கொண்டு மேடையேறக் கூடாது. மேடைக்குக் கூப்பிட்டால் இலவசமாக வாசியுங்கள், டிப்ஸ் பெட்டியில் பங்கு வாங்காதீர்கள்.

8. முதல் சந்திப்பு

போனில் பேசுங்கள். மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் மறுத்துவிட்டதாக நினைக்காதீர்கள், பார்த்தே இருக்க மாட்டார்கள்.

அழைப்பு: பெயருக்கு முன் 'மிஸ்டர்' அல்லது 'மிஸ்' கட்டாயம். 'யெஸ் சார்', 'யெஸ் மேம்'. பெரியவர்களை முதற்பெயரோடு 'மிஸ்டர்' சேர்த்து அழைப்பது தெற்கத்தி வழக்கம். வெள்ளையர்கள் கறுப்பின ஆண்களை 'மிஸ்டர்' என்று அழைக்கவே மறுத்த காலத்தில் வளர்ந்தவர்கள் இவர்கள். அந்த ஒற்றைச் சொல் அவர்களுக்கு எவ்வளவு கனமானது என்பதை நினைவில் வையுங்கள். அவரே வேறு பெயர் சொல்லி அழைக்கச் சொன்னால் மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

பணம்: எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். 'உங்கள் இஷ்டம்' என்று சொன்னால், அந்தப் பகுதியில் ஒரு தனி வகுப்புக்கு என்ன வாங்குகிறார்களோ அதற்குக் குறையாமல், ரொக்கமாக, உட்காரும் முன்பே கொடுத்துவிடுங்கள். முடிந்த பிறகு கொடுத்தால், நேரம் எவ்வளவு ஓடியது என்ற கணக்கு இருவர் மனதிலும் ஓடிக்கொண்டிருக்கும். அவர் கடை நடத்துகிறார் என்றால் அங்கே எதையாவது வாங்கிச் சாப்பிடுங்கள்.

பதிவு: கிட்டாரை எடுக்கும் முன்பே அனுமதி கேளுங்கள். இரண்டு தனித்தனிக் கேள்விகள்: நான் வீட்டில் பழகுவதற்காக மட்டும் பதிவு செய்யலாமா? வேறு யாருக்காவது காட்டலாமா? முதலாவதற்கு 'சரி' என்றது இரண்டாவதற்கும் சேர்த்து அல்ல. தன் பாட்டுக்குச் சேர வேண்டிய காப்புரிமைப் பணத்தில் பெரும்பகுதியைப் பார்க்காமலேயே ப்ளூஸ் பாடகர் ஆர்தர் கிரடப் 1974இல் இறந்தார். அந்த மாதிரிக் கதை ஏறக்குறைய எல்லா ப்ளூஸ் குடும்பத்திலும் உண்டு. அனுமதியில்லாத ஒரு காணொளி உங்களுக்கு மட்டுமல்ல, உங்களுக்குப் பின் வருகிறவருக்கும் கதவைச் சாத்தும்.

9. உட்கார்ந்த பிறகு

நேர் எதிரே உட்காராதீர்கள். அவருடைய வலது கை உங்களுக்குத் தெளிவாகத் தெரியும்படி, சற்றுப் பக்கவாட்டில். போனை அவர் வலது கைக்கு ஒரு மீட்டர் தள்ளி, கட்டைவிரல் தெரியும் கோணத்தில் வையுங்கள். முகம் படத்தில் விழாவிட்டாலும் பரவாயில்லை.

முதல் பத்து நிமிடம் கிட்டார் மடியில் சும்மா இருக்கட்டும். காலால் மட்டும் அவரோடு சேருங்கள். அடுத்த சுற்றில் கட்டைவிரல் மட்டும், அவரைவிடத் தாழ்ந்த ஒலியில். அவர் தலையசைத்த பிறகுதான் இடது கை. இப்படி மெதுவாக நுழைவதற்குக் காரணம் இருக்கிறது: உங்கள் சத்தம் அவர் காதில் விழுந்ததும், அவர் அறியாமலே உங்களுக்காக வாசிப்பைச் சுருக்கிக்கொள்வார். நீங்கள் கற்க வந்தது சுருக்காத வாசிப்பை.

ஒரு அமர்வுக்கு ஒரு பாட்டு. ஐந்து பாட்டு கேட்டால் ஐந்தையும் வாசிப்பார். ஒன்றும் உங்களோடு வராது.

கேள்வி கேட்கும் விதம் முக்கியம். 'இது என்ன கார்ட்?' என்று கேட்டால் பலருக்குப் பெயர் தெரியாது, தெரிந்தாலும் வேறு பெயராக இருக்கும். ஜாக் ஓவன்ஸிடம் ஹோம்ஸ் கற்றது சுரப் பெயர் எதுவுமில்லாமல், பார்த்தும் கேட்டும்தான். எனவே 'அந்த இடத்தை இன்னொரு முறை' என்று கேளுங்கள். 'மெதுவாக வாசியுங்கள்' என்பதும் வேலைக்கு ஆகாது. வேகம் குறைந்தால் அவர் கைக்கே அந்த இடம் நினைவு வராது, வேறொன்றை வாசித்துவிடுவார். முழு வேகத்தில் பலமுறை கேட்பதே வழி.

இப்போது 12 பார் விஷயம். அவர் மூன்று வரி கொண்ட ஒரு சுற்றை 12க்குப் பதில் பதினொன்றரையில் முடிப்பார், அடுத்ததைப் பதிமூன்றில். மூச்சு தேவைப்பட்டால் இரண்டு பீட் கூடும், சொல் அவசரப்படுத்தினால் குறையும். ஜான் லீ ஹூக்கரோடு வாசித்த பாண்டுகள் பட்ட பாடெல்லாம் இதனால்தான். எண்ணிக்கொண்டே போகிறவர் மாற்றத்தைத் தவறவிட்டுவிட்டு, 'அவர் தாளம் தப்புகிறார்' என்று முடிவு கட்டுவார்.

அவர் தப்பவில்லை, பீட் ஒன்றுகூட ஆடுவதில்லை, பாரின் நீளம்தான் மாறுகிறது. பிடிப்பதற்கு வழி, மாற்றத்தைச் சொல்லோடு கட்டிப்போடுவது. இரண்டாம் வரியின் எந்தச் சொல்லில் ஏ கார்டுக்குப் போகிறார், மூன்றாம் வரி தொடங்குவதற்கு முன் இடது கை எந்தப் பக்கம் நகரத் தொடங்குகிறது என்று பாருங்கள். வாயையும் இடது மணிக்கட்டையும் பாருங்கள். எண்ணுவதை நிறுத்துங்கள். அவர் வாசிப்பதை 12க்குள் 'சரிசெய்து' திரும்ப வாசித்துக் காட்டுவதைப் போல அவரை அயர்ச்சியடையச் செய்வது வேறில்லை.

ஸ்லைடு என்றால் இன்னும் மூன்று இடங்களைக் கவனியுங்கள். ஸ்லைடு ஃப்ரெட்டுக்குப் பின்னால் இல்லாமல் ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேலே நிற்கிறது. பின்னால் இருக்கும் விரல்கள் கம்பியைத் தொட்டு இரைச்சலை அடக்குகின்றன. அழுத்தம் என்பது கண்ணாடியின் எடை மட்டும்தான். புதியவர்கள் அழுத்திவிடுவார்கள், கம்பி ஃப்ரெட்டில் தட்டும்.

எண்பது வயதைத் தொட்ட கைகளுக்கு நாற்பது நிமிடம் நீண்ட நேரம். அவர் விரலை மடக்கி நீட்டத் தொடங்கினால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பேச்சுக்கு மாறுங்கள். யாரிடம் கற்றார், யார் எப்படி ட்யூன் செய்தார் என்ற பேச்சில் வாசிப்புக்கான விவரம் நிறையக் கிடைக்கும்.

10. அன்றிரவே செய்ய வேண்டியது

உட்கார்ந்திருக்கும்போது குறிப்பெடுக்க வேண்டாம், கண் கையை விட்டு விலகும். ஆனால் தூங்குமுன் எழுதிவிடுங்கள். ட்யூனிங், அவருடைய கிட்டார் எவ்வளவு தாழ்ந்திருந்தது, கேப்போ எந்த ஃப்ரெட், கட்டைவிரல் எந்தெந்தக் கம்பி, மாற்றம் எந்தச் சொல்லில், இடது கையில் எந்த விரல். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியும். ஆனால் ஒரே சுரத்தை நடுவிரலால் எடுப்பதா மோதிரவிரலால் எடுப்பதா என்பதுதான் அடுத்த சுரம் கைக்கு எட்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

பிறகு பதிவைக் கேட்காமல் ஒரு முறை வாசியுங்கள். எங்கே ஓட்டை விழுகிறது என்று தெரியும். அதற்குப் பிறகு பதிவைப் போட்டு அந்த ஓட்டையை மட்டும் அடைத்துவிடுங்கள். முதலிலேயே பதிவைப் போட்டால் எல்லாம் நினைவிருப்பதுபோலத் தோன்றி ஏமாற்றிவிடும்.

11. ஜூக் ஜாயின்ட்டில் கூப்பிட்டால்

சில வாரத்தில் அவரே ஒரு சனிக்கிழமை இரவு ஜூக் ஜாயின்ட்டுக்கு, அதாவது குடியும் இசையும் நடனமும் சேர்ந்த சிறு விடுதிக்கு, வரச் சொல்லலாம். கிட்டார் காரிலேயே இருக்கட்டும். கூப்பிட்ட பிறகு போய் எடுத்து வாருங்கள். பெட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் தன்னை மேடையேற்றச் சொல்லி வற்புறுத்துவதாகத்தான் தெரியும்.

ட்யூன் செய்துவிட்டு ஏறுங்கள். கேபிள் உங்களுடையதாக இருக்கட்டும். ஆம்ப்ளிஃபையரின் குமிழைத் தொடாதீர்கள். அவர் பாடும்போது மெல்லிய கம்பிகளுக்குப் போகவே வேண்டாம். கட்டைவிரலும் பாதி கார்டும் போதும். வரி முடிந்து அவர் உங்களைத் திரும்பிப் பார்த்தால் அந்த இரண்டு பார் உங்களுடையது. பார்க்கவில்லை என்றால் அது அவருடையது. இரண்டு பாட்டு முடிந்ததும், இன்னும் வாசிக்கச் சொன்னாலொழிய, நன்றி சொல்லி இறங்கிவிடுங்கள்.

ஊர் திரும்பி அந்தப் பாட்டை எங்காவது வாசிக்கும்போது யாரிடம், எந்த ஊரில் கற்றது என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பதிவாக வெளியிடுவதாக இருந்தால் முதலில் அவருக்கு ஒரு போன்: பாட்டு அவருடையதா, அவருக்கு முந்தியவருடையதா, உரிமை யாரிடம் இருக்கிறது என்பதை அவரிடமோ குடும்பத்திடமோ கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்ன 'சரி' அவர் பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது.